வாசிகசாலையும் வானொலியும்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களே, காப்பாளர் ஐயா அவர்களே, நிர்வாக சபையினரே, ஊரவர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எமது சனசமூக நிலையத்தின் கடந்த ஆண்டு அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமான விடயங்களை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். நிர்வாக சபை மாதம் ஒருமுறை கூடியது. கோயில் திருவிழா மாதத்தில் மட்டும் ஆள் சேரவில்லை. முன்பள்ளிக் கூரைக்கு ஓடு மாற்றினோம். சிரமதானம், சரஸ்வதி பூசை, சாதாரண தரப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு எல்லாம் வழமைபோல நடந்தன. கரப்பந்தாட்டத் திடலுக்கு விளக்குப் போடும் வேலை இன்னும் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று கேட்பவர்கள் பொருளாளர் அக்காவிடம் கேட்கவும்.

இனி வாசிகசாலை. இந்த முறை அறிக்கையில் பெரும்பகுதி இதற்கே போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் எங்கள் மேசையில் ஐந்து பத்திரிகைகள் கிடந்தன. 2022 நெருக்கடியில் அச்சுத்தாள் தட்டுப்பட்டு, பத்திரிகைகளில் பக்கம் குறைந்து விலை கூடியபோது அதை மூன்றாக்கினோம். அந்த மூன்றும் தேவையா என்ற கேள்வி மாசி மாதத்தில் எழுந்தது. அதைக் கிளப்பியவர் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் தங்கச்சிதான். ஒருநாள் காலை மூன்று பத்திரிகைகளையும் விரித்து வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அரசியல்வாதி ஒருவரின் ஊடகச் சந்திப்புச் செய்தி மூன்றிலும் இருந்தது. தலைப்பு மட்டும் வேறு. உள்ளே வரிக்கு வரி ஒன்று. மூன்றாவது பந்தியில் 'பிரதேச சபை' என்பது 'பிரதேச சைப' என்று அச்சாகியிருந்தது, மூன்று பத்திரிகையிலும். அன்று மத்தியானம் வானொலிச் செய்தியிலும் அதே வசனங்கள் அதே ஒழுங்கில் வந்தன. வாசித்தவர் 'சபை' என்று திருத்தி வாசித்தார், அதற்கு நன்றி. அரசியல்வாதியின் ஆள் வட்ஸ்அப்பில் அனுப்பியதை எல்லோரும் அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். அந்த மூன்று பக்கங்களையும் வெட்டி அறிவித்தல் பலகையில் குத்தி வைத்தோம். இப்போதும் இருக்கிறது, போகும்போது பாருங்கள்.

அதிலிருந்துதான் மாதக் கடைசி ஞாயிறுகளில் ஊடகம் பற்றிய கலந்துரையாடல் தொடங்கியது. 'சனசமூக நிலையத்துக்கு ஏன் இந்த வேலை?' என்று ஒரு மூத்த உறுப்பினர் அப்போது கேட்டார். கார்த்திகையில் அவரே அதற்குப் பதில் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் கூட்டத்தில் முன்னாள் பிரதேசச் செய்தியாளர் ஒருவர் பேசினார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மாதச் சம்பளம் கிடையாது, வெளியாகும் செய்திக்குத்தான் காசு என்றார். நீதிமன்றத்தில் ஒரு வழக்குக்காக நாள் முழுக்கக் காத்திருந்து எழுதினாலும் ஒரு செய்தி. வட்ஸ்அப்பில் வந்ததைத் தள்ளிவிட்டாலும் ஒரு செய்தி. பெற்றோல் காசைக் கணக்குப் பார்த்தால் எதைச் செய்வான் மனுசன்? துவக்குக்குப் பயந்து நாங்கள் எழுதாமல் விட்டது கொஞ்சம்தான், இப்போது கட்டுப்படியாகாமல் விடுவதுதான் கூட என்று அவர் சொன்னபோது மண்டபத்தில் சத்தமே இல்லை.

அந்தத் துவக்குக் காலத்தை ஐப்பசிக் கூட்டத்தில் நினைவுகூர்ந்தோம். பி.பி.சி.யின் தமிழ், சிங்களச் சேவைகளுக்குச் செய்தி அனுப்பிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரத்தில், தன் வீட்டிலேயே கொல்லப்பட்டு 25 ஆண்டுகள். இன்றுவரை ஒருவருக்கும் தண்டனை இல்லை. 2006 மே 2இல் யாழ்ப்பாணத்தில் உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டார்கள். மறுநாள் உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நாட்களிலேயே ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. 1841இல் உதயதாரகைப் பத்திரிகை வெளிவந்த மண் இது. இந்தப் பட்டியலை இளையவர்கள் பலர் முதன்முறையாகக் கேட்டார்கள் என்பது எனக்குக் கவலையாக இருந்தது.

ஆனியில் சட்டத்தரணி ஒருவர் வந்து ஒலிபரப்புச் சட்டத்தை விளக்கினார். இரண்டு மணித்தியாலம் போனது; தேநீர் ஆறிப்போனதையும் யாரும் கவனிக்கவில்லை. எனக்கு விளங்கிய அளவில் சொல்கிறேன்.

இலங்கையில் தனியார் வானொலிக்கான அனுமதிப்பத்திரம் இன்றும் 1966ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் 44ஆம் பிரிவின் கீழ்தான் கொடுக்கப்படுகிறது. அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்துக்காக எழுதிய சட்டம், தனியார் வானொலியை யாரும் கனவிலும் காணாத காலத்தில். தொலைக்காட்சிக்கு 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிச் சட்டம், 28ஆம் பிரிவு. இரண்டிலும் கொடுப்பவர் அமைச்சர். அலைவரிசையை ஒதுக்குவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. யாருக்கு, எந்தத் தகுதியில், எத்தனை காலத்துக்கு என்று பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்துக் கொடுக்கும் சுதந்திரமான சபை ஒன்று கிடையாது.

இதை மாற்ற 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் கொண்டுவந்தார்கள். உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளியது. காற்றலை மட்டுப்பட்ட பொதுச்சொத்து, அதை ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும்; ஆனால் ஒழுங்குபடுத்துகிற சபை அரசின் கைக்குள் இருக்கக்கூடாது என்பதுதான் தீர்ப்பின் சாரம். அருமையான தீர்ப்பு. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. புதிய சட்டம் விழுந்தது, அதைவிட மோசமான பழைய சட்டம் அப்படியே நின்றது. 2023இலும் ஓர் ஆணைக்குழுவுக்கான வரைவு வெளிவந்து, ஊடக அமைப்புகள் எதிர்த்து, அதுவும் சட்டமாகவில்லை. ஆக, இருபத்தெட்டு வருடமாகக் கயிறு அமைச்சர் கையில்.

கயிற்றை இழுத்த சந்தர்ப்பமும் உண்டு. ஒரு தாக்குதல் பற்றிப் பிழையான செய்தி ஒலிபரப்பியதாகச் சொல்லி 2007 ஒக்டோபரில் சூரியன் எஃப்.எம். உட்பட ஒரே நிறுவனத்தின் வானொலிகளின் அனுமதியை அரசு ரத்துச் செய்தது. செய்தி பிழையென்றால் திருத்தம் கேட்கலாம், அபராதம் போடலாம். பாட்டு, மரண அறிவித்தல், நேயர் விருப்பம் எல்லாவற்றையும் சேர்த்து மூடுவது என்ன நியாயம் என்று அன்றே பலர் கேட்டார்கள். ஒருதரம் இழுத்தால் போதும், பிறகு இழுக்கத் தேவையில்லை என்றார் சட்டத்தரணி. கொழும்பிலிருந்து தொலைபேசி வரும் என்ற நினைப்பிலேயே செய்தி ஆசிரியர் கத்தரிக்கோலை எடுத்துவிடுவார். விளம்பரம் கொடுப்பவருக்கு நோகாமல் பார்த்துக்கொள்வதும் அதே கத்தரிக்கோல்தான்.

அவர் சொன்ன இன்னொரு வழக்கை நான் கொப்பியில் எழுதி வைத்தேன். கூட்டுத்தாபனம் நடத்திய ஒரு கல்வி நிகழ்ச்சி இடைநடுவில் திடீரென்று நிறுத்தப்பட்டது. அதில் பங்குபற்றி வந்த சாதாரண நேயர் ஒருவர் உயர் நீதிமன்றம் போனார். 1996இல் வென்றார். அவருடைய பேச்சுச் சுதந்திரம் மீறப்பட்டது என்றது நீதிமன்றம். வானொலி வைத்திருப்பவருக்கு மட்டுமல்ல, அதில் பேசும் நேயருக்கும் உரிமை உண்டு என்று நாட்டின் அதிஉயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நாங்களோ பாட்டுக் கேட்க மட்டும் போன் எடுக்கிறோம்.

ஆவணியில் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் அமெரிக்கக் கதை சொன்னார். அங்கே 1949 முதல் 1987 வரை, சர்ச்சைக்குரிய விடயத்தில் மறுபக்கத்துக்கும் இடம் கொடுக்க வேண்டும் என்ற விதி ஒலிபரப்பாளர்களுக்கு இருந்தது. அது போனது. 1996இல் ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி வைத்திருக்கலாம் என்ற வரம்பும் போனது. சில வருடத்தில் ஒரே நிறுவனத்திடம் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்கள். 2002 ஜனவரியில் வட டகோட்டாவின் மைனொட் நகரத்துக்குப் பக்கத்தில் ரயில் தடம்புரண்டு அமோனியா வாயு ஊர் முழுக்கப் பரவியது. ஊரின் ஆறு வர்த்தக வானொலிகளும் அந்த ஒரே நிறுவனத்துடையவை. நடுச்சாமத்தில் எச்சரிக்கை சொல்ல ஆளைப் பிடிக்கப் பொலிஸார் பட்ட பாடு பெரிய விவாதமானது; எச்சரிக்கைக் கருவியை இயக்குவதிலும் கோளாறு இருந்ததாம். ஆசிரியர் கட்டுப்பாடு தளர்ந்ததே காரணம் என்று முடித்தார். எனக்கு அது அவ்வளவு நேர்கோடாகத் தெரியவில்லை. இங்கே கட்டுப்பாடு தளரவேயில்லை, இருந்தும் எங்கள் வானொலியில் எங்கள் ஊர் இல்லையே.

இளைஞர்கள் சிலர், 'இப்ப எல்லாம் யூரியூப் தானே, காற்றலையைப் பற்றி ஏன் கதைக்கிறீங்கள்?' என்றார்கள். அந்தக் கூட்டம் கொஞ்சம் சூடாகிவிட்டது. விபத்தில் கிடப்பவரைப் படம் பிடிப்பதும், வறிய வீட்டுக்குள் கமராவோடு போய்ப் பிள்ளைகளை அழவைத்து வெளிநாட்டு உறவுகளிடம் காசு சேர்ப்பதும் ஊடகமா என்று தாய்மார் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்காக, இணையத்தில் வருவதைக் கட்டுப்படுத்தும் 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நான் வரவேற்க மாட்டேன். ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு எது பொய்யென்று தீர்மானிப்பது எனக்குப் பயமாக இருக்கிறது. தலைவர் இதில் என்னோடு உடன்படவில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

இனிக் கார்த்திகை. டித்வா புயல் மழையில் எங்கள் பக்கம் மின்சாரம் நின்றது, போன்களில் சார்ஜ் இறங்கியது. 'ஏன் இந்த வேலை?' என்று கேட்ட அதே மூத்த உறுப்பினர், அலுமாரிக்கு மேலிருந்த பழைய றேடியோவைத் தட்டித் துடைத்துக்கொண்டு நிலையத்துக்கு வந்தார். பற்றரி நான்கு போட்டுச் சுற்றினோம். தமிழில் நாட்டுச் செய்தி வந்தது, இறந்தவர் தொகை வந்தது, நடுவில் பாட்டும் வந்தது. எந்த வீதியில் வெள்ளம், எந்தப் பள்ளிக்கூடத்தில் முகாம், எங்கே சமைத்த சாப்பாடு என்று ஒரு வார்த்தை இல்லை. பதினைந்து பேர் அந்த மேசையைச் சுற்றி நின்றோம். கடைசியில் கிராம அலுவலர் சைக்கிளில் நனைந்துகொண்டு வந்து சொன்னதுதான் செய்தி. ஐயா றேடியோவை நிறுத்திவிட்டு, 'உங்கட கூட்டத்துக்கு இனி நானும் வாறன் தம்பி' என்றார்.

டிசம்பர் 16இல் இலங்கை வானொலிக்கு நூறு வயது; 1925இல் அதே நாளில் கொழும்பில் தொடங்கியது. புயலுக்குப் பிறகு விழா வேண்டாம் என்று ஒரு தேநீர்க் கூட்டம் மட்டும் வைத்தோம். தொண்ணூறுகளில் மின்சாரமும் பற்றரியும் இல்லாத காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவில் றேடியோவைக் கொழுவி, ஒருவர் பெடலைச் சுற்ற மற்றவர்கள் பி.பி.சி. தமிழோசையும் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியும் கேட்டதைப் பெரியவர்கள் நடித்தே காட்டினார்கள். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி இழுபடுமாம். தமிழோசை வானொலி 2017 ஏப்ரல் 30இல், 76 வருடத்துக்குப் பிறகு, நின்றது. அன்றைக்கு ஊரில் ஒருவரும் பெரிதாகக் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை, நானும்தான்.

யாழ்ப்பாணத்தில் கேட்கும் வானொலிகளின் அனுமதி நிபந்தனைகள் என்ன, எப்போது முடிகின்றன என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஓர் அலுவலகத்துக்கு விண்ணப்பித்தோம். 14 வேலை நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். அதைத் தாண்டித்தான் பதில் வந்தது, தனிச் சிங்களத்தில். முன்னாள் தபாலதிபர் ஐயா வாசித்துச் சொன்னார்: அந்தத் தகவல் தங்களிடம் இல்லை, வேறோர் இடத்தில் கேட்கவும். தமிழில் பதில் கேட்டு மேன்முறையீடு அனுப்பியிருக்கிறோம். பதிவுத் தபால் துண்டு கோவையில் இருக்கிறது.

வரும் ஆண்டுக்கு நிர்வாக சபை இரண்டு விடயங்களைச் சிபாரிசு செய்கிறது. மூன்று பத்திரிகையில் ஒன்றை நிறுத்தி, அந்தக் காசில் பிரதேச சபைக் கூட்டங்களுக்கு உயர்தரம் படித்த இரண்டு பிள்ளைகளை அனுப்பி, நடந்ததைச் சுவர்ப் பத்திரிகையாக எழுதி ஒட்டுவது. மற்றது, நிலையத்துக்கு நல்ல றேடியோ ஒன்றும் பற்றரியும் வாங்கி வைப்பது. எந்தப் பத்திரிகையை நிறுத்துவது என்பதில் சபைக்குள் உடன்பாடு வரவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு மரண அறிவித்தல் வாசகர் இருக்கிறார். ஆகவே கைதூக்கி இங்கேயே தீர்மானியுங்கள். அதற்கு முன் பொருளாளர் அக்கா கணக்கறிக்கையை வாசிப்பார். சந்தா நிலுவையில் உள்ளவர்களின் பெயர்களும் அதில் வரும்.