பம்பரத்தை நீயே கடைந்து கொடு

அன்புள்ள மகளுக்கு,

மரம் கடைய சின்ன லேத் ஒன்று வாங்கியிருக்கிறாய் என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். நாலு தலைமுறையாக அம்பாசமுத்திரத்தில் பிள்ளைகள் விளையாடுகிற மரச் செப்புச் சாமான் கடைகிற வீட்டில் அந்த உளி உன் கைக்கும் வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். என் அப்பா காலத்தில் ஒருவர் கயிறு இழுக்க, இன்னொருவர் உளி பிடிக்க வேண்டும். உனக்கு மோட்டார் இருக்கிறது, ஒரு ஆள் போதும்.

பேத்திக்கு அடுப்பு, பானை, உரல், திருகை என்று முழு செட்டும் ஓலைப்பெட்டியில் போட்டு நானே அனுப்பிவிடுவேன். ஆனால் முதல் சாமானை நீதான் செய்து கொடுக்க வேண்டும். விரலால் சுற்றி விடுகிற பம்பரம் செய். ஒரே துண்டு மரம், மூடி கிடையாது, குடைய வேண்டியதும் இல்லை.

வட்டத்தை லேத் பார்த்துக்கொள்ளும். மரத்தை நீதான் பார்க்கணும். எங்களுக்கு அந்தக் காலத்தில் மஞ்சக்கடம்புதான். உனக்கு பெங்களூரிலிருந்து மைசூர் போகிற சாலையில் அறுபது கிலோமீட்டரில் சென்னபட்டணா இருக்கிறது. அங்கே பொம்மை கடைவது வெட்பாலையில். வெள்ளையான, நெருக்கமான மரம், உளிக்கு இணங்கி வரும். நிழலில் நன்றாகக் காய்ந்த துண்டாகக் கேட்டு வாங்கு. பச்சை மரத்தில் எவ்வளவு அழகாகக் கடைந்தாலும், காயும்போது ஒரு பக்கம் கூடுதலாகச் சுருங்கி முட்டை வடிவாகிவிடும். பம்பரம் தள்ளாடும். மரத்தின் மையத்தில் ஓடுகிற நடுத்தண்டு உள்ள துண்டும் வேண்டாம், வெடிக்கும்.

உளி தாங்கியை மரத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வை. ஸ்விட்ச் போடுவதற்கு முன் மரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லையே என்று பார். முதலில் நிமிடத்துக்கு 1,000 சுற்றுக்குள் ஓடட்டும், உருண்டை வந்த பிறகு கூட்டிக்கொள்ளலாம். முதலில் உளி முனையின் சரிவான பக்கம்தான் மரத்தில் உரச வேண்டும். அப்புறம் கைப்பிடியை மெல்ல உயர்த்தினால் சீவல் சுருள் சுருளாக வரும். தூளாக வந்தால் உளி மழுங்கிவிட்டது என்று அர்த்தம், அழுத்தாதே, நிறுத்திவிட்டு சாணை பிடி. துப்பட்டா போடாதே, தலைமுடியை இறுக்கக் கட்டு, கண்ணாடி மாட்டு. இதில் மட்டும் எனக்கு வாக்குக் கொடு.

பம்பரம் அகலமாக, குட்டையாக இருக்கட்டும். ஐந்து சென்டிமீட்டர் அகலம் போதும். வயிறு தரைக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறதோ அவ்வளவு நேரம் நின்று சுற்றும். முனையை ஊசியாக்காமல் சற்று மழுக்கி விடு. பிடியைக் கடைசியில் மெலிதாக்கி, அங்கே வெட்டி எடு.

வெட்டி எடுப்பதற்கு முன்னாலேயே நிறம் ஏற்ற வேண்டும். பெயின்ட் அடிக்காதே அம்மா. பிள்ளை வாயில் வைக்கும். அரக்குதான் போடணும். அது ஒரு பூச்சி மரக்கிளையில் கட்டுகிற பிசின். மிட்டாய்க்குப் பளபளப்புப் பூச்சாகவும் அதைத்தான் போடுகிறார்கள். உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கியதும், சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடி. உரசுகிற சூட்டிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். திட்டுத் திட்டாகத்தான் இருக்கும், பயப்படாதே. காய்ந்த தாழை மடலை மடித்து அதே இடத்தில் அழுத்து. அரக்கு இளகி, பரவி, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும். பிளாஸ்டிக் வந்து எங்கள் பட்டறைகள் பலவற்றைக் காலி செய்துவிட்டது, ஆனால் இந்த மினுமினுப்பு அதற்கு இன்னும் வரவில்லை.

மஞ்சள், சிவப்பு, பச்சை அரக்குக் குச்சிகளும் தாழை மடலும் பார்சலில் போட்டிருக்கிறேன். மஞ்சளை முதலில் ஏற்று, அடர்ந்த நிறம் அதற்கு மேல் போகட்டும். நிறம் ஏற்றுகிற அன்றைக்கு வீடியோ காலில் வா. மடலை எவ்வளவு அழுத்தணும் என்பதை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

அன்புடன்,
அப்பா