கிணற்றடிக்கு அந்தச் சல்லி வேண்டாம்

அன்பு மகளுக்கு,

இடிச்ச கொங்கிறீட்டை உடைச்சு, காபனீரொட்சைட்டு ஏற்றி, வளவுப் பாதைக்குப் பரவலாமோ எண்டு கேட்டிருந்தாய். மேல தண்ணி இறங்காத தளம் போட்டால் பாதைக்குச் சரி, ஆனால் ஏற்றினாப் பிறகு கொங்கிறீட்டில இருக்கிற நச்சு உலோகமெல்லாம் தண்ணியில கரையாமல் அடங்கிவிடும் எண்டு நீ எழுதினது அரைவாசிதான் உண்மை.

வாயு சீமெந்தில இருக்கிற சுண்ணாம்போட சேர்ந்து கல்சியம் காபனேற்று ஆகும். காரத்தைக் காட்டிற பிஎச் அளவு 12.5இல இருந்து 8, 9க்கு இறங்கும். ஈயமும் நாகமும் (துத்தநாகம்) கடுங்காரத்தில கரையிறவை. 9, 10 அளவிலதான் ஆகக் குறையக் கரையும். அதால அவை அடங்கும். குரோமியம் எதிர்மாறு. ஆறுவலுக் குரோமியமும் (தண்ணியில கரையிற, நச்சுக் கூடின வடிவம்) அந்திமனி எண்ட இன்னொரு நச்சு மூலகமும் எற்றிங்கைற்று எண்ட சீமெந்துப் பளிங்குக்குள்ள சிக்கிக் கிடக்கும். பிஎச் இறங்க அந்தப் பளிங்கு உடையும், சிக்கினது தண்ணியில போகும். ஈயத்தை மட்டும் அளந்து "பயமில்லை" எண்டு எழுதின அறிக்கையை நம்பாதை.

சோதனை இப்படி: காபனேற்ற முந்தினதிலும் பிந்தினதிலும் 4 மில்லிமீற்றருக்குக் கீழ அரிச்சு, உலர்நிறை 100 கிராமுக்கு 1 லீற்றர் வடிநீர் விட்டு, மூடி, 24 மணித்தியாலம் உருட்டவேணும். திறந்து வைச்சால் காற்று வாயுவே பிஎச்சைக் குறைச்சுவிடும். 0.45 மைக்கிரோமீற்றர் வடியால வடிச்ச உடன பிஎச் பார். உலோகத்துக்கு ஒரு பங்கில நைத்திரிக்கமிலம் விடு. ஆறுவலுக் குரோமியம் பார்க்கிற பங்கில விடாதை, அமிலத்தில அது மூவலுவாய் மாறிப்போம்.

ஐரோப்பாவில சடக்கழிவு (தாக்கமடையாத, உக்காத கழிவு) புதைக்கிற இடத்துக்கு குரோமியம், ஈயம் ரெண்டுக்கும் எல்லை கிலோவுக்கு 0.5 மில்லிகிராம். கிலோவுக்கு 10 லீற்றர் தண்ணி எண்ட கணக்கில, உன்ர போத்தலில அது லீற்றருக்கு 50 மைக்கிரோகிராம். குரோமியத்துக்கு உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணிக்குச் சொல்லுறதும் அதே 50தான், ஈயத்துக்கோ 10. எல்லைக்குள்ள வந்த சல்லியின்ர தண்ணியும் குடிக்க ஏற்றதாய் இருக்கவேணும் எண்டில்லை.

எங்கட செம்மண்ணுக்குக் கீழ சுண்ணக்கல்லு, வெடிப்பும் பொந்தும். மழைத்தண்ணி வடிபடாமலே கிணத்துக்குப் போய்ச் சேரும். கிணத்தடியில, தோட்டத்தில தளர்வாய்ப் பரவாதை. புதுக் கொங்கிறீட்டுக்குள்ள சல்லியாய்ப் போடு, இல்லாட்டி தண்ணி இறங்காத தளத்துக்குக் கீழ நிரப்பு.

மாரியில நனைஞ்ச குவியலுக்குள்ள வாயு போகாது, துவாரமெல்லாம் தண்ணி. முற்றாய்க் காய்ஞ்சாலும் தாக்கம் நடவாது. குவியலுக்குள்ள காற்றின்ர ஈரப்பதனை 60 வீதமளவில வை. ஒரு கல்லை உடைச்சு உடைஞ்ச முகத்தில பினோத்தலீன் (கடுங்காரத்தில இளஞ்சிவப்பாகிற திரவம்) தெளி. நடுவில இளஞ்சிவப்பு வந்தால் வெளித்தோல்தான் மாறியிருக்கு. அதை இப்ப சோதிச்சால் குரோமியம் குறைச்சலாய்த் தெரியும், பிறகு வெளியில கிடந்து மாற மாற ஏறும்.

உடைக்க முந்தி, பழைய மை பூசின சாந்தையும் அஸ்பெஸ்ரோஸ் தகட்டுத் துண்டுகளையும் விலக்கச் சொல்லு. அரைபட்டால் பிறகு பிரிக்க ஏலாது.

அன்புடன்,
அப்பா