செயலாளரின் ஆண்டறிக்கை 2025: எந்த மாதத்தில் ஏரிக்குப் போவது?

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, அங்கத்தவர்களே, முதல்தடவையாக நம் மீன்பிடிச் சங்கத்துக்கு வந்து இருக்கும் புதுக் குடும்பங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

வழக்கமாக இந்த அறிக்கையில் போன இடம், வந்த ஆட்கள், சாப்பிட்ட சாப்பாடு என்று ஒரு பட்டியல் இருக்கும். இந்த முறை அதைச் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ஆண்டு முழுக்கச் செயற்குழுவில் இழுபட்ட கேள்வி ஒன்று இருக்கிறது. வால்ஐ (walleye) என்ற நன்னீர் மீனைப் பிடிக்க எந்த மாதத்தில் போவது? அடுத்த ஆண்டு நாட்காட்டிக்கு இன்று சபை ஒப்புதல் தர வேண்டும் என்பதால், அந்தக் கேள்விக்குத்தான் இங்கே கூடுதல் இடம்.

2025 பயணங்கள்

பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதியில் ஒன்ராறியோவின் சிம்கோ ஏரி ஐஸில் பேர்ச் மீன் பிடித்தோம். மே மாதம் வால்ஐ பிடிக்கும் காலம் திறந்த சனிக்கிழமை ரைஸ் ஏரி. ஜூலையில் ஸ்டேர்ஜன் ஏரிக்கரையில் குடும்ப ஒன்றுகூடல். ஒக்டோபரில் பெல்வில் பக்கம் குயின்டே குடா. எல்லோரும் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தார்கள் என்பதை முதலில் பதிவு செய்கிறேன்.

ரைஸ் ஏரியில் காற்று எலும்பைத் தொட்டது. மீன் கிடைத்தது, ஆனால் பெரும்பாலும் சிறிய ஆண்மீன்கள். இதற்குக் காரணம் உண்டு. ஐஸ் கரைந்து தண்ணீர் 6 முதல் 9 பாகை செல்சியஸ் வரை ஏறும்போது வால்ஐ ஆற்று வாய்களிலும் கல்லும் சரளையும் உள்ள ஆழமில்லாத இடங்களிலும் முட்டையிடும். கூடு கட்டாது, காவல் இருக்காது. இலட்சக்கணக்கில் முட்டையைக் கல்லிடுக்கில் விட்டுவிட்டுப் போய்விடும். அந்த வேலை முடியும்வரைதான் அரசு காலத்தை மூடி வைக்கிறது. திறந்த முதல் நாட்களில் ஆண்கள் இன்னும் அந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருக்கும். பெரிய பெண்மீன்கள் களைத்துப்போய் ஒதுங்கிக் கிடக்கும், ஒன்றிரண்டு வாரத்துக்கு இரையைக் கண்டாலும் பெரிதாக அசையாது. தண்ணீர் குளிராக இருப்பதால் கடியும் மெதுவானது. தூண்டிலை வேகமாக இழுத்தவர்கள் வெறுங்கையோடு நின்றார்கள். ஜிக் எனும் ஈயத்தலைக் கொக்கியை அடியில் தட்டித் தட்டி, பொறுமையாக நகர்த்திய இரண்டு அக்காமார்தான் அன்று சங்கத்தின் மானத்தைக் காப்பாற்றினார்கள்.

ஜூலைப் பயணத்துக்கு வந்த கூட்டம் வேறெதற்கும் வரவில்லை. சாப்பாட்டுக் குழுவுக்கு இந்தச் சபை ஒரு கைதட்டல் கடன்பட்டிருக்கிறது. ஆனால் மீன்பிடி என்ற அளவில் அது சரிவரவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தது பதினொரு மணிக்கு, உச்சி வெயிலில். வால்ஐயின் கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் இருக்கிறது. டோர்ச் அடித்தால் கண் மினுங்குவது அதனால்தான். மங்கலான வெளிச்சத்தில் அதற்கு நன்றாகத் தெரியும், அது துரத்தும் பேர்ச் குஞ்சுகளுக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் அது வேட்டைக்கு வெளிக்கிடுவது விடியலிலும் பொழுதுபடும் நேரத்திலும், அல்லது காற்றடித்துத் தண்ணீர் கலங்கி முகில் மூடிய நாளிலும். வெயில் ஏறினால் ஆழத்துக்கோ நீர்க்களைப் பற்றைக்குள்ளோ போய்விடும். பகல் முழுக்கப் பிள்ளைகள் சன்ஃபிஷும் ரொக் பாஸும் பிடித்து மகிழ்ந்தார்கள், அது நல்ல விடயம். வால்ஐ கடிக்கத் தொடங்கியபோது முக்கால்வாசிப் பேர் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

அன்று மாலை நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். ரைஸ், ஸ்டேர்ஜன் உட்பட கவார்த்தா ஏரிகள் இருக்கும் 17 ஆம் மீன்பிடி மண்டலத்தில் 35 முதல் 50 சென்ரிமீற்றர் வரை நீளமுள்ள வால்ஐயை மட்டுமே வைத்திருக்கலாம். அதற்குக் குறைந்தாலும் கூடினாலும் திரும்ப விட வேண்டும். ஓர் அங்கத்தவருக்கு 50 ஐத் தாண்டிய அருமையான மீன் ஒன்று கிடைத்தது. படம் எடுத்தார்கள், முறைப்படி விட்டார்கள். வெந்நீர் போலிருந்த தண்ணீரில் அது நிமிரவேயில்லை, வயிறு மேலாக மிதந்தது. அதை எடுக்கவும் சட்டம் இடம் தராது. கோடையில் தண்ணீர் சூடானால் அதில் ஒட்சிசன் குறையும், போராடிக் களைத்த மீன் மீள்வது கடினம். முட்டையிடும் பெரிய பெண்மீன்களைக் காப்பாற்றத்தான் இந்த அளவு விதியே. ஜூலை நடுப்பகுதியில் போய் அந்த மீன்களையே பிடித்துப் பிடித்து விட்டால் விதி கடதாசியில்தான் இருக்கும்.

குயின்டே குடாவில் நிலைமை முற்றிலும் வேறு. கோடையில் ஒன்ராறியோ ஏரிக்குள் அலேவைஃப் எனும் சிறுமீன் கூட்டங்களைத் தேடிப்போன பெரிய மீன்கள் இலையுதிர்காலம் பிறக்கக் குடாவுக்குத் திரும்பத் தொடங்கும். தண்ணீர் குளிரக் குளிர, பனிக்காலத்துக்கும் வசந்தத்தில் முட்டையிடவும் உடம்பைத் தேற்ற அவை நன்றாகத் தின்னும். நாங்கள் கண்டது அந்த வரவின் தொடக்கத்தைத்தான். உண்மையான பெரிய மீன்கள் நவம்பரில்தான் என்று அங்குள்ள பழைய ஆட்கள் எல்லோரும் சொல்வார்கள். என்றாலும் வந்தவர்களில் யாரும் குறைப்பட்டதாக எனக்குத் தெரியவில்லை. மீன்வளப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் படகுத்துறையில் அனுமதி அட்டைகளையும் குளிர்ப்பெட்டிகளையும் பார்த்தார், எல்லாம் சரியாக இருந்தது.

அடுத்த ஆண்டு நாட்காட்டி

இப்போது சண்டைக்கு வருவோம்.

உப தலைவரின் நிலைப்பாடு உங்களுக்குத் தெரியும்: பயணம் கோடை விடுமுறையில்தான். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத காலம் ஜூலை, ஓகஸ்ட். லண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் சொந்தக்காரர் வருவதும் அப்போதுதான். லோங் வீக்கெண்டை விட்டுவிட்டு வேறு நாளில் வைத்தால் யார் வருவார்கள்? நியாயமான கேள்வி. ஆனால் மீனுக்கு லோங் வீக்கெண்ட் தெரியாது. அது பார்ப்பது தண்ணீரின் சூட்டையும் வெளிச்சத்தையும்தான்.

இலையுதிர்காலப் பயணமும் வேண்டும் என்பது என் பக்கத்து வாதம். அதில் பலரும் கவனிக்காத ஒன்று சூரியன் மறையும் நேரம். ஜூன் கடைசியில் ரொறன்ரோவில் பொழுதுபடுவது ஒன்பது மணிக்கு. நல்ல கடி அதையொட்டி. பிறகு சாமான் கட்டி, ஒன்றரை மணித்தியாலம் ஓடி ஸ்காபரோ வந்து சேர நடுச்சாமம். சின்னப் பிள்ளைகளோடு யாரால் முடியும்? ஒக்டோபர் நடுப்பகுதியில் ஆறரைக்கே பொழுதுபடும். நவம்பரில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் திருப்பிய பிறகு ஐந்து மணியளவிலேயே. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பலாம், நல்ல நேரத்தில் தூண்டில் போடலாம், இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். குளிர் என்பீர்கள். உண்மை. ஆனால் நுளம்பு இல்லை, படகுகளின் நெரிசல் இல்லை, களை படுத்துவிட்டதால் கொக்கியும் சிக்காது. பிடித்த மீனைத் திரும்ப விட்டால் அது உயிரோடு நீந்திப் போகும்.

இலையுதிர்காலத்திலும் ஒரு பொறி உண்டு. ஆழமான ஏரிகளில் மேல்தண்ணீர் குளிர்ந்து கனத்துக் கீழே இறங்கி, ஏரி முழுக்க ஒருமுறை கலங்கும். அந்த நாட்களில் மீன் சிதறிவிடும், கடி படுத்துவிடும். ரைஸ் ஏரி போன்ற ஆழமில்லாத ஏரிகளில் இந்தத் தொல்லை கிடையாது, கோடையிலேயே அவை மேலும் கீழும் கலந்துதான் இருக்கும். ஆகவே ஒக்டோபரில் ஓர் ஏரியில் கடி நின்றால் இன்னொன்றுக்கு மாறலாம் என்று நெகிழ்வாகத் திட்டம் வைத்திருக்கிறோம்.

செயற்குழு ஏற்றுக்கொண்ட முன்மொழிவு இதுதான். 2026 இல் கவார்த்தா காலம் மே 9 ஆம் திகதி சனிக்கிழமை திறக்கிறது. அடுத்த நாள் அன்னையர் தினம். அந்த வார இறுதியில் கனடாவில் வசிப்பவர்கள் அனுமதி அட்டை இல்லாமலே ஒன்ராறியோவில் மீன் பிடிக்கலாம், அடையாள அட்டை மட்டும் கையில் இருக்க வேண்டும். புதியவர்களைக் கூட்டிவர இதைவிடத் தோதான நாள் இல்லை. ஆனால் அட்டை இல்லாமல் பிடிப்பவருக்குக் குறைந்த எண்ணிக்கை வரம்புதான் பொருந்தும். 17 ஆம் மண்டலத்தில் அது ஒரே ஒரு வால்ஐ. முழு அட்டைக்காரர் போல ஆளுக்கு நாலு என்று நினைத்துப் பெட்டியோடு வர வேண்டாம்.

முக்கிய வால்ஐ பயணம் ஜூன் 20, 21, தந்தையர் தின வார இறுதியில். அதுவும் அட்டை தேவைப்படாத நாள். தண்ணீர் சூடேறியிருக்கும், கொதித்திருக்காது. களைப்பற்றை வளரத் தொடங்கிப் பேர்ச் குஞ்சுகள் அதன் ஓரத்தில் கூடும், வால்ஐ அவற்றைத் தேடி வரும். பெண்மீன்களும் களைப்புத் தீர்ந்து தின்னத் தொடங்கியிருக்கும். ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு பயணம்தான் என்று யாராவது என் கழுத்தில் கத்தி வைத்தால் நான் சொல்வது ஜூனைத்தான். வீடு திரும்ப நேரமாகும் என்பது தவிர ஒரேயொரு கவலை, சில ஏரிகளில் அப்போது மேஃப்ளைப் பூச்சி ஈசல் போலக் கூட்டமாக எழும்பும். மீன் அதை வயிறு நிறையத் தின்றுவிட்டு நம் புழுவைத் திரும்பியும் பார்க்காது. வந்தால் வந்ததுதான்.

ஜூலை ஒன்றுகூடலை நிறுத்தவில்லை. அதை வால்ஐ பயணம் என்று அழைக்கப் போவதில்லை, அவ்வளவுதான். சன்ஃபிஷ், பேர்ச், அப்போது காலம் திறந்திருக்கும் பாஸ் மீன், இவை பிள்ளைகளுக்குப் போதும். கோடையில் வால்ஐ பிடித்தே தீருவேன் என்பவர்களுக்கு ஈரி ஏரி இருக்கிறது. மேற்குப் பக்கத்தில் முட்டையிட்ட மீன்களில் ஒரு பங்கு கோடையில் குளிர்ந்த தண்ணீர் தேடிக் கிழக்கே வரும். போர்ட் டோவரில் வாடகைப் படகுக்காரர்கள் அவற்றை ஆழத்தில் ஸ்பூன் எனும் உலோகப் போலி இரையை இழுத்துப் பிடித்துத் தருவார்கள். 2015 இலும் 2018 இலும் பிறந்த குஞ்சுகள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்ததால் அந்த ஏரி இப்போது செழிப்பாக இருக்கிறது. மலிவான பயணம் அல்ல. ஆழத்திலிருந்து தூக்கிய மீனின் காற்றுப்பை ஊதிவிடும், விட்டாலும் தப்புவது கடினம். வரம்பு நிறைந்ததும் தூண்டிலைச் சுருட்டிவிட வேண்டும். இந்தப் பயணத்துக்கு ஆள் சேர்ந்தால் உப தலைவரே பொறுப்பெடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஒக்டோபர் 17 ரைஸ் ஏரி, மாலைப் பயணம், குடும்பத்தோடு. நவம்பரில் குயின்டே குடா, படகில் பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு மட்டும். அந்தத் தண்ணீரில் விழுந்தால் சில நிமிடங்களிலேயே கைகால் விறைத்துவிடும். உயிர்காப்பு அங்கியைப் படகில் வைத்திருப்பது போதாது, போட்டிருக்க வேண்டும். இதில் பேச்சுவார்த்தைக்கு இடமில்லை.

விதிகள் பற்றிச் சில சொற்கள்

ஸ்கூகொக் ஏரி கிட்டத்தானே, ஏன் போவதில்லை என்று ஒவ்வொரு வருடமும் கேட்கிறீர்கள். 2016 முதல் அங்கே வால்ஐ பிடிக்கத் தடை. பிடித்து விடுவதற்கும் அனுமதி இல்லை.

நிப்பிசிங் ஏரிக்குத் தனியாகப் போகும் அங்கத்தவர்கள் கவனிக்கவும். அங்கே 46 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதைத்தான் எடுக்கலாம், ஆளுக்கு இரண்டு. ரைஸ் ஏரியில் சட்டப்படி எடுக்கக்கூடிய 40 சென்ரிமீற்றர் மீன் நிப்பிசிங்கில் குற்றம். ஒவ்வோர் ஏரிக்கும் கிளம்பும் முன் அந்த ஆண்டு விதிப் புத்தகத்தைப் பாருங்கள், என் பேச்சை நம்பிப் போக வேண்டாம்.

மீனிரையையும் அட்டைப்பூச்சி இரையையும் 2022 முதல் ஓர் இரை மேலாண்மை மண்டலத்திலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. போகும் இடத்திலேயே வாங்குங்கள், பற்றுச்சீட்டை எறியாதீர்கள். வரம்புக் கணக்கில் வீட்டு உறைபெட்டியில் இருக்கும் மீனும் சேரும். ஏரிக்கரையிலேயே வெட்டித் துண்டாக்கிக் கொண்டுவரும் பழக்கத்தையும் விடுங்கள். அளவு விதி உள்ள மீனின் நீளத்தை அதிகாரி அளந்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும், தோலும் இருக்க வேண்டும்.

சாப்பாடு பற்றிக் கேட்டவர்களுக்கு ஒன்று. பெரிய மீனில் பாதரசம் கூட. கர்ப்பிணிகளுக்கும் பிள்ளைகளுக்கும் சிறிய மீனையே கொடுங்கள், ஏரிவாரியான அளவுகளை மாகாண அரசு வெளியிடுகிறது. வால்ஐ சதை வெள்ளை, மெல்லிய சுவை. கூழுக்குப் போட்டால் காணாமல் போய்விடும் என்பது என் தாழ்மையான கருத்து. மஞ்சள், மிளகு, உப்பு பூசிப் பொரித்தால் போதும். இதிலும் சாப்பாட்டுக் குழு என்னோடு உடன்படவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். சந்தா புதுப்பிக்காதவர்கள் இன்று கூட்டம் முடிந்ததும் அவரிடம் கொடுக்கலாம். நவம்பர் குயின்டே பயணத்தில் இடங்கள் குறைவு. பெயர் கொடுக்க விரும்புவோர் ஓகஸ்ட் முடிவதற்குள் எனக்கு அறிவிக்கவும், படகு பதிவு செய்ய முற்பணம் கட்ட வேண்டியிருக்கிறது. மேலே சொன்ன நாட்காட்டியை ஏற்பதா, திருத்துவதா என்பதைச் சபையின் வாக்குக்கு விடுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்