பாப்பாவின் வேலை விஷயமாக

டர்பன்

அன்புள்ள மாப்ளே,

பதில் போடவில்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. இங்கே எல்லோரும் நலம். வீட்டுக்காரிக்கு முட்டிவலி, எனக்குச் சர்க்கரை. உம்கேனி ரோடு கோயில் பக்கம் போனால் உன் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்கிறேன், காசு நீ தர வேண்டும்.

சரி, பாப்பா விஷயம். பவர் இன்டகிரேஷன்ஸ் மாதிரி ஒரு பவர் சப்ளை சிப் கம்பெனி கூப்பிடுகிறது, சேரலாமா, அது நிலைக்குமா என்று கேட்டிருந்தாய். இங்கே ரிப்பேர்க் கடையில் உட்கார்ந்திருக்கிறவனிடம் கேட்கிறாயே என்று முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால், செத்த சார்ஜரைப் பிரித்துப் பார்க்கிறவனுக்குத்தான் இந்தப் போட்டி கண்ணெதிரே தெரியும்.

2023-ல் இங்கே தென்னாப்பிரிக்காவில் 300 நாளுக்கு மேல் லோட் ஷெட்டிங், அதாவது மின்வெட்டு. கரண்ட் போகும்போது ஒன்றும் ஆகாது, திரும்பி வரும்போதுதான் அடிக்கும். மேஜை நிறைய அடாப்டர், வேரிஸ்டர் கருகி, கெப்பாசிட்டர் உப்பி. 2024 மார்ச்சுக்குப் பிறகு கட் பெருமளவு நின்றுவிட்டது. நாட்டுக்கு நல்லது, நான் ஈ ஓட்டுகிறேன்.

பழைய டிவிடி பிளேயரைத் திறந்தால் பவர் இன்டகிரேஷன்ஸின் டைனிஸ்விட்ச் என்ற சிப் இருக்கும். எட்டுக் கால் இருக்க வேண்டிய சிப்பில் ஏழு கால்தான். உயர் மின்னழுத்தக் காலுக்குப் பக்கத்தில் இடைவெளி வேண்டுமென்று ஒன்றை வேண்டுமென்றே விட்டிருப்பார்கள். இப்போது வருகிற மலிவு அடாப்டர்களிலும் அதே ஏழு கால், அதே இடம். மேலே எழுத்து மட்டும் ஏதோ சீனக் கம்பெனியுடையது. சிலவற்றில் எழுத்தையே தேய்த்து அழித்திருக்கிறார்கள். வேலை செய்கிறதா? செய்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

மொட்டை சார் லேபில் 3842 என்ற கன்ட்ரோலர் சிப்பை வைத்து நாம் கட்டிய சப்ளை ஞாபகமிருக்கிறதா? கட்டையன் தூக்கியெறியப்பட்டானே, அதேதான். அந்த மாதிரிக் கன்ட்ரோலரையும் 700 வோல்ட் தாங்கும் மாஸ்ஃபெட் என்ற சுவிட்சையும் ஒரே சில்லில் வைத்து 1994-ல் பவர் இன்டகிரேஷன்ஸ் டாப்ஸ்விட்ச் விட்டது. அதைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவர் பாலு பாலகிருஷ்ணன். 2002-லிருந்து 2025 வரை அந்தக் கம்பெனியின் தலைமை நிர்வாகியாகவும் இருந்தார். காப்பியடித்தவர்களைக் கோர்ட்டுக்கு இழுப்பதிலும் சளைக்காத கம்பெனி. போட்டிக் கம்பெனி ஃபேர்சைல்டோடு தொடங்கிய வழக்கு, அதை வாங்கிய ஆன் செமிகண்டக்டர் 2019-ல் 17.5 கோடி டாலர் கொடுத்த பிறகுதான் முடிந்தது. ஆனால் காப்புரிமைக்கு ஆயுள் இருபது வருடம். 1994 சரக்கை இன்று யார் வேண்டுமானாலும் செய்யலாம்.

பவர் இன்டகிரேஷன்ஸின் விற்பனையைப் பார். 2021-ல் 70 கோடி டாலர், 2023-ல் 44 கோடி. கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கிக் குவித்த சிப் தீர வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆப்பிள் 2020-ல் பெட்டியிலிருந்து சார்ஜரை எடுத்தது, மற்றவர்களும் எடுத்தார்கள். இப்போது சார்ஜரைத் தனியாகத்தான் வாங்குகிறோம். இங்கே கடைக்கு வருகிறவர் உள்ளே யாருடைய சிப் என்றா கேட்கிறார்? விலை எவ்வளவு என்றுதான் கேட்கிறார்.

கீழேயிருந்து சீனா நெருக்கினால், மேலேயிருந்து பெரிய பண்ணையார்கள். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சொந்த ஆலையில் 300 மில்லிமீட்டர் வேஃபரில், அதாவது சிப்களை வெட்டியெடுக்கும் சிலிக்கன் வட்டத் தகட்டில், அனலாக் சிப் போடுகிறது. பழைய 200 மில்லிமீட்டரைவிட ஒரு சிப்புக்கு 40 சதவீதம் செலவு குறைகிறது என்று அவர்களே சொல்கிறார்கள். பவர் இன்டகிரேஷன்ஸுக்குச் சொந்த ஆலையே கிடையாது, வேறு ஆலைகளில் செய்து வாங்குகிறது. விலைச் சண்டை என்று வந்தால் எப்படி மாப்ளே தாங்கும்?

தப்பிக்க ஒரே வழி சிலிக்கனுக்குப் பதிலாக வரும் காலியம் நைட்ரைடு என்ற பொருள்தான் என்று எல்லோரும் அதில் குதித்திருக்கிறார்கள். அங்கேயும் கூட்டம். ஜெர்மனியின் இன்ஃபினியான் 2023-ல் காலியம் நைட்ரைடு கம்பெனியான கான் சிஸ்டம்ஸை 83 கோடி டாலருக்கு வாங்கியது. சீனாவின் இன்னோசயின்ஸ் சொந்த ஆலையோடு 2024 டிசம்பரில் ஹாங்காங் பங்குச் சந்தைக்கே வந்துவிட்டது. மற்றவர்களுக்குச் சிப் செய்து தரும் தைவானின் டிஎஸ்எம்சி மாதிரி மலையே 2027-க்குள் காலியம் நைட்ரைடு தொழிலை விடுகிறேன் என்று சொல்லிவிட்டது. அதை நம்பியிருந்த நாவிட்டாஸ் என்ற சிப் கம்பெனி வேறு ஆலை தேட வேண்டியதாயிற்று. இதைப் படித்த அன்று எனக்கே தூக்கம் வரவில்லை, எனக்கு அதில் ஒரு பங்குகூட இல்லை!

ஆனால் ஒன்று. என்விடியா தன் சர்வர் ராக்குகளை 800 வோல்ட் டிசிக்கு மாற்றப் போகிறது. அந்த வோல்டேஜில் நிற்க 65 வாட் சார்ஜர் வித்தை போதாது. பவர் இன்டகிரேஷன்ஸ் 2024-லேயே 1700 வோல்ட் தாங்கும் காலியம் நைட்ரைடு சிப்பைக் காட்டிவிட்டது. உயரப் போகப் போக மலிவாகக் காப்பியடிப்பது கஷ்டம், எனக்கு நம்பிக்கை அங்கேதான்.

அதனால் பாப்பாவைச் சேரச் சொல். ஆனால் கையெழுத்துப் போடும் முன் இரண்டு கேள்வி கேட்கட்டும். எந்த டீம்? போன் சார்ஜர் டீம் என்றால் கொஞ்சம் யோசிக்கட்டும், உயர் வோல்டேஜ் டீம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகட்டும். உங்கள் சிப் எந்த ஆலையில் தயாராகிறது? இதற்கு மழுப்பினால் எனக்கு உடனே எழுது.

சம்பளம் எவ்வளவு என்று நீ மறைத்திருக்கிறாய், அதையும் எழுது. கட்டையன் நம்பர் இருந்தால் அனுப்பு.

உன்,
டர்பன்காரன்