நீ அனுப்பிய பணமும் நம் வீட்டு வருஷக் கணக்கும்

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய 15,000 ரூபாயை நேற்று உன் கணக்குக்கே திருப்பிப் போடச் சொல்லிவிட்டேன். தம்பிதான் போனில் போட்டான். அவனுக்கு மனசே இல்லை. "அக்கா அழும்மா" என்றான். அழட்டும், நான் எழுதிச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

போனில் பேசினால் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். எழுதினால் கடைசிவரை படிப்பாய். நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறோம் என்பதும் எனக்குத் தெரியும். அதனால் சில பேர்களும் சில தொகைகளும் இதில் இருக்காது. எவை என்று உனக்கு விளங்கும், அது போதும்.

நெல் பணம் ஏறிய அன்றைக்கே உன் பணமும் வந்தது. இந்த வருஷம் சன்ன ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். 30 குவிண்டால் போட்டோம். அந்த மெசேஜைப் பார்த்து அப்பா ஒரு டீ குடிக்கலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே உன்னுடையதும் வந்தது. பின்னாடியே உன் குரல் பதிவு. "இனிமே கணக்கு நோட்டுப் போடாதீங்கம்மா. வருஷம் பூரா பயந்து பயந்து வாழ்ந்தது போதும். எதுக்காக இப்படி வாழ்ந்தீங்கன்னே எனக்குப் புரியலை." நல்ல மனசோடுதான் சொன்னாய். அப்பாவும் பக்கத்தில் இருந்து கேட்டார். டீ குடிக்கப் போகவில்லை.

நாங்கள் பயந்து வாழவில்லை பாப்பா. ஒண்ணாம் தேதி சம்பளம் வாங்குகிறவளுக்கு ஒரு மாதம் கை தவறினால் அடுத்த மாதம் சரிக்கட்டிக்கொள்ளலாம். வாய்க்கால் முடிகிற கடைமடையில் ஒரே ஒரு சம்பா நெல்லை நம்பி இருக்கிறவளுக்கு அந்த வசதி கிடையாது. தையில் அறுத்து மாசியில் கைக்கு வருகிற பணம் அடுத்த மாசிவரை வர வேண்டும். மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் நம் வாய்க்காலுக்குத் தண்ணீர் எப்போது எட்டும் என்று யாரும் எழுதிக்கொடுக்க மாட்டார்கள். அப்பாவின் கொத்து வேலை உண்டு, ஆனால் அடைமழை பிடித்தால் அதுவும் நின்றுவிடும்.

அதனால்தான் நான் கணக்கை மாசியில் ஆரம்பிக்காமல் ஐப்பசியில் ஆரம்பிப்பேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பாய், ஆனால் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை. பணம் வந்ததும் முதலில் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றுக்கும் எடுத்து வைத்துவிட வேண்டும். அந்த மூன்று மாதமும் வரவு இருக்காது. தீபாவளி இருக்கும், காய்ச்சல் இருக்கும், களையெடுப்புக் கூலி இருக்கும், பயிர்க் காப்பீட்டுக்குப் பணம் கட்டுகிற கெடுவும் அப்போதுதான் வரும். அதற்கு அப்புறம்தான் சொசைட்டிப் பயிர்க்கடன். கெடுவுக்குள் கட்டினால் வட்டி இல்லை, ஒரு நாள் தள்ளினாலும் வட்டி ஏறும். அப்புறம் அடகு நகையை மீட்பது. அதற்கும் அப்புறம்தான் வீட்டுச் சாமான்.

அந்தச் சாமானிலும் ஒரு கணக்கு உண்டு. மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். அப்போதே வருஷத்துக்கு வாங்கி, கொட்டை எடுத்து, கல் உப்புப் போட்டு, பானையில் அடைத்துவிட வேண்டும். மிளகாயும் மல்லியும் அதே வெயிலில் காய வேண்டும். உளுந்தும் பயறும் நம் தரிசிலேயே வந்துவிடும். சாப்பாட்டு நெல்லை விற்கிறதுக்கு முன்னாடியே தனியாக அளந்துவிடுவோம். இதே சாமானைக் கார்த்திகையில் கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று வாங்கினால் என்ன விலை ஆகும் என்று ஒரு வருஷம் எழுதிப் பார்த்தேன். அதிலிருந்து சில்லறையாக எதுவும் வாங்குவதில்லை. ரேஷனில் துவரம் பருப்பு 30 ரூபாய்க்கும் பாமாயில் 25 ரூபாய்க்கும் கிடைக்கிற வரைக்கும் வெளியில் எதற்கு? அந்த எண்ணெய் வாசனை உனக்குப் பிடிக்காது என்று தெரியும். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குள் நின்றால் கரண்ட் பில் வராது என்று நான் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து ஃபேனை நிறுத்துவதும் உனக்குப் பிடிக்காது. வியர்க்க வியர்க்க நோட்டால் விசிறிக்கொண்டு படித்தாய். அதையெல்லாம் நான் பார்க்காமல் இல்லை.

சரி. நீ மனசில் வைத்திருப்பது இதெல்லாம் இல்லை. உளுந்து டின்தான்.

2018 ஐப்பசி. நீ ஒன்பதாவது. கன்னியாகுமரி டூருக்கு 1,200 ரூபாய் கேட்டாய். நான் வீட்டில் ஒரு ரூபாய் இல்லை என்றேன். நீ மறுபடி கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து இட்லிக்கு அரிசி களைந்துகொண்டிருந்தேன், உளுந்தை எடுத்து ஊறப்போடு என்று உன்னிடம் சொன்னேன். நீ டின்னுக்குள் கை விட்டாய். கவர் வந்தது. கவரின் வாயைத் திறந்து பணத்தைப் பார்த்தாய். அப்புறம் என்னைப் பார்த்தாய்.

நீ அழுதிருந்தால் திட்டியிருப்பேன், இல்லை பக்கத்தில் உட்காரவைத்து ஏதாவது சொல்லியிருப்பேன். நீ அழவில்லை. கவரைக் கிரைண்டர் மேலே வைத்தாய். உழக்கில் உளுந்தை அளந்தாய். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே விரலால் தலை தட்டினாய். தட்டியதில் மிஞ்சின நாலு மணியையும் டின்னிலேயே போட்டு மூடினாய். தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு வாசலுக்குப் போய்விட்டாய். நான் கையில் அரிசித் தண்ணீரோடு நின்றேன். பின்னாடி வந்திருக்கலாம். வரவில்லை.

அந்தப் பணம் யாருடையது என்று இன்றைக்கும் இங்கே எழுத முடியாது. அப்பா சாரத்திலிருந்து விழுந்து கை முறிந்தபோது கொடுத்தவர்கள். கொடுத்தது பெரிய உதவி, அதை மறக்க மாட்டேன். ஆனால் ஒரு கல்யாணப் பந்தியில், பரிமாறிக்கொண்டிருக்கிறவர்கள் காதிலும் விழுகிற மாதிரி அதைக் கேட்டார்கள். அப்பா இலையை மூடிவிட்டு எழுந்தார். நீ எதிர் வரிசையில் சித்தி பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாய், உனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன், தீபாவளிக்குத் துணி எடுக்காவிட்டாலும் அந்தக் கடன் அந்த ஐப்பசியைத் தாண்டக்கூடாது என்று. இதற்கு மேல் அதைப் பற்றி வேண்டாம்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த வாரத்திலேயே கஜா புயல். நவம்பர் 16 விடியற்காலை. வீட்டுக்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியும், நீதான் தம்பியைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் இருந்தாய். விடிந்தபோது நாலு தென்னையும் கிடந்தன, ஓடு பாதி இல்லை. என் கையில் ஒன்றும் இல்லை. கரண்ட் இல்லாத அத்தனை நாளும் மெழுகுவர்த்தி வாங்கவே கணக்குப் பார்த்தேன். அதற்கு அப்புறம் நாம் தேங்காயும் காசு கொடுத்து வாங்குகிற வீடாகிவிட்டோம். கஜாவுக்கு முன்னாடி அந்தச் செலவே நம் நோட்டில் கிடையாது. அடுத்த வருஷம் வைத்த கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன.

உனக்குக் கொடுத்திருந்தால் நீ கடலைப் பார்த்துவிட்டு வந்திருப்பாய். வைத்திருந்தால் நான் ஓடு வாங்கியிருப்பேன். இரண்டும் நடக்கவில்லை. இதை எத்தனை இரவு நினைத்திருப்பேன் தெரியுமா? உன்னிடம் இல்லை என்று சொன்னது பொய். இருக்கிறது, ஆனால் உனக்குக் கொடுக்க முடியாது என்று சொல்லியிருக்கலாம். பதினாலு வயசுப் பிள்ளையிடம் அப்பாவை நாலு பேர் முன்னால் கேட்டார்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதற்காக என்னை மன்னித்துக்கொள். ஆனால் அந்த ஐப்பசி திரும்ப வந்தாலும் நான் அங்கேதான் கொண்டுபோய்க் கொடுப்பேன். இதையும் சேர்த்துத்தான் நீ மன்னிக்க வேண்டும், முடியுமா என்று தெரியவில்லை.

இவ்வளவும் எழுதிவிட்டு ஒன்று கேட்கிறேன். பொங்கலுக்கு உன்னோடு வந்தாளே அந்தப் பெண், அவள் அடுப்படியில் நின்று "ஆன்ட்டி, உளுந்து டின்ல இப்ப எவ்வளவு இருக்கு?" என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய். அதைச் சொல்லிச் சிரிக்கிற கதையாக எப்போது ஆக்கினாய்? வாசலில் உட்கார்ந்திருந்த அந்தப் பிள்ளைக்காக நான் ஏழு வருஷமாக மனசில் அடித்துக்கொள்கிறேன், நீ ரூமில் உட்கார்ந்து அதை வேடிக்கைக் கதையாகச் சொல்லியிருக்கிறாய். அவளுக்குக் காபி கொடுத்தேன், முறுக்குக் கட்டிக்கொடுத்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன்னைக் குற்றம் சொல்லவும் எனக்கு அருகதை இல்லை. காலேஜில் அரசாங்கத்தின் புதுமைப்பெண் திட்டப் பணம் மாதம் 1,000 உன் கணக்கில் ஏறியபோது நீ என்ன செய்தாய் என்று எனக்குத் தெரியும். பரீட்சைப் பணம், ஜெராக்ஸ், ரெக்கார்டு நோட்டு எல்லாம் அதிலேயே பார்த்துக்கொண்டு, வீட்டில் ஒன்றும் கேட்காமல், இரண்டாம் வருஷத் தீபாவளிக்கு எனக்குப் பச்சையில் மாம்பழ பார்டர் வைத்த சேலை எடுத்து வந்தாய். நான் முதலில் விலைதான் கேட்டேன். உன் முகம் சுருங்கியது. அந்தச் சேலையை நான் மூன்று விசேஷத்துக்கு மேல் கட்டவில்லை என்று உனக்குக் குறை. கட்டினால் நைந்துபோகுமே என்றுதான். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்க்கிறேன், அதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று எனக்கே புரியவில்லை.

இப்போது பணத்துக்கு வருகிறேன். மாதாமாதம் நீ அனுப்ப நினைக்கிற பணம் இந்த வீட்டுக்கு வேண்டாம். ரோஷத்தில் சொல்லவில்லை. மாதம் 15,000 வந்தால் ஆறு மாதத்தில் இந்த வீடு அதற்குத் தகுந்த மாதிரி மாறிவிடும். பாமாயில் போய்க் கடலெண்ணெய் வரும், தவணையில் ஃப்ரிட்ஜ் வரும், அப்பா மழைக்காலத்தில் வேலை தேடிப் போவதை விட்டுவிடுவார். அப்புறம் ஒரு நாள் உனக்குக் கல்யாணம் ஆகும், குழந்தை வரும், இல்லை அந்த கம்பெனியே ஆளைக் குறைக்கும். அப்போது உன்னால் அனுப்ப முடியாது. நீ அனுப்ப முடியவில்லையே என்று அழுவாய், நாங்கள் பழையபடி சுருங்கத் தெரியாமல் நிற்போம். சுருங்கி வாழ்கிற பழக்கம் ஒரு தடவை விட்டுப்போனால் இந்த வயசில் திரும்ப வராது. அரசாங்கம் தருகிற என் ஆயிரம் ரூபாய் மகளிர் உரிமைத்தொகை வருகிறது, சிலிண்டருக்கும் பால் பாக்கிக்கும் அது ஆகும். நெல் இருக்கிறது. இந்த வருஷத்துக்கு ஐப்பசிப் பங்கை எடுத்து வைத்துவிட்டேன். நகையையும் மீட்டாயிற்று, இனி அதை வைக்கிறதாக இல்லை.

தம்பிக்கு ஜூனில் காலேஜ் சேர்க்கிற செலவு இருக்கிறது. அவனுக்கும் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 கிடைக்கும், ஆனால் சேரும்போது கட்டுகிற பணத்துக்கு அது உதவாது. அந்த ஒரு செலவை நீ எடுத்துக்கொள். 20,000 வரை ஆகலாம். அதை வாங்கிக்கொள்கிறேன், திருப்பித் தர மாட்டேன்.

மிச்சத்தை உன் பேரில், உன் பேரில் மட்டும், மாதாமாதம் கட்டுகிற ஒரு ஆர்டி பேங்கில் போட்டு வை. எவ்வளவு என்று என்னிடம் சொல்லாதே. நாளைக்கு வருகிறவரிடமும் முதல் நாளே சொல்லாதே. உன்னைப் பெண் கேட்டு வருகிறவர்கள் இதைப் படித்தாலும் படிக்கட்டும், எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு பெண் கையில் யாரையும் கேட்காமல் எடுக்கிற பணம் கொஞ்சம் இருக்க வேண்டும். எனக்கு அது டின்னில் இருந்தது, உனக்கு பேங்கில் இருக்கட்டும். கன்னியாகுமரிக்கும் அதிலிருந்தே போய்விட்டு வா. தனியாகப் போகாதே, அந்தச் சிரிக்கிற பெண்ணையே கூட்டிக்கொண்டு போ, பிள்ளை நல்லவள்தான்.

பங்குனிக் கடைசியில் லீவு கிடைத்தால் வா. புளி வந்துவிடும், உனக்கு இரண்டு கிலோ தனியாக எடுத்து வைக்கிறேன். அங்கே பாக்கெட்டில் வாங்காதே.

அப்புறம், எதுக்காக இப்படி வாழ்ந்தீங்க என்று கேட்டாயே, அதை என்னிடம் எத்தனை தடவை வேண்டுமானாலும் கேள். அப்பாவிடம் மட்டும் கேட்டுவிடாதே.

அம்மா