மூதூரைக் கிராமம் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்து வளர்ந்த ஊரைப் பற்றி வாசகர்கள் எழுதும் கட்டுரைகளைச் சில வாரங்களாக உங்கள் ஞாயிறு இதழில் ஆர்வத்தோடு வாசித்து வருகிறேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே ஒரு சிறிய பெட்டியில் ஊரின் பெயரையும் அது நகரமா கிராமமா என்பதையும் போடுகிறீர்கள். இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில் உள்ள மூதூரில் வளர்ந்த ஒருவரின் கட்டுரைக்கு மேல் கிராமம் என்று இருந்தது. நானும் மூதூரில் பிறந்தவள்தான். அந்தப் பெட்டியை மாற்ற வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

கிராமத்தில் பிறந்ததாகச் சொல்வதில் யாருக்கும் குறைவில்லை. ஆனால் மூதூரைப் பொறுத்தவரை அது சரியான தகவல் அல்ல. குடிசன மதிப்பு எடுக்கும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் பகுப்பைப் பார்த்துத்தான் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பகுப்பு ஊரின் அளவைப் பார்ப்பதே இல்லை. மாநகரசபை அல்லது நகரசபை எல்லைக்குள் இருந்தால் நகரம். பெருந்தோட்டம் தனி. மிச்சம் எல்லாம் கிராமம். முன்பு பட்டின சபைகள் இருந்தன, அவையும் நகரக் கணக்கில் சேர்ந்தன. அந்தச் சபைகள் எண்பதுகளில் ஒழிக்கப்பட்டு, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த பிரதேச சபைகளுக்குள் அவற்றின் எல்லைகள் போனபோது, அங்கே வாழ்ந்த சனம் இருந்த இடத்தில் இருந்தபடியே கணக்கில் கிராமத்தவர் ஆனார்கள். 1981 குடிசன மதிப்பில் நாட்டின் நகர சனத்தொகை 21.5 வீதம். 2012இல் அது 18.2 வீதம். இடையில் கடைத்தெருக்கள் நீண்டதையும் வயல்கள் வீட்டுக் காணிகள் ஆனதையும் நாமெல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம்.

இந்தியாவில் வேறு மாதிரிப் பார்க்கிறார்கள். குறைந்தது 5,000 பேர், சதுர கிலோமீற்றருக்கு 400 பேராவது வாழும் நெருக்கம், உழைக்கும் ஆண்களில் நாலில் மூன்று பங்கு பேருக்கு விவசாயம் அல்லாத தொழில் என்று இருந்துவிட்டால், நகராட்சி இல்லாத இடத்தையும் அவர்களின் கணக்கெடுப்பு பட்டணமாக எண்ணுகிறது. அதிலும் குறைகள் உண்டு. உழைக்கும் பெண்களை ஏன் விட்டார்கள் என்று நான் கேட்பேன். இருந்தாலும் அங்கே ஊரைப் பார்த்து முடிவு செய்கிறார்கள்.

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். கிண்ணியாவுக்கு நகரசபை இருக்கிறது, ஆகவே நகரம். மூதூருக்குப் பிரதேச சபை, ஆகவே கிராமம். தள வைத்தியசாலையும் நீதிமன்றமும் வலயக் கல்வி அலுவலகமும் மூதூரில் இருக்கின்றன. பிரதேச செயலகப் பிரிவில் அரை லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். மலைநாட்டில் தலவாக்கலை-லிந்துலை நகரசபைக்குள் வாழ்வது சில ஆயிரம் பேர்தான், அது நகரம். நான் இப்போது இருக்கும் உப்புவெளியும் கணக்கில் கிராமம். திருகோணமலை நகர எல்லை எங்கே முடிகிறது என்று நிலாவெளி வீதியில் பஸ்ஸில் போகிறவரால் சொல்ல முடியாது. வீடும் கடையும் தொடர்ந்து வந்துகொண்டே இருக்கும்.

சரி, தலைக்கணக்கை விட்டுவிடுவோம். வளரும் பிள்ளைக்கு ஊர் எவ்வளவு பெரியது என்பது, வீட்டிலிருந்து போய்த் திரும்பக்கூடிய தூரத்தில் என்னென்ன கிடைக்கிறது என்பதில்தான் இருக்கிறது. மூதூரில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொட்டியாரக்குடாவின் இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் திருகோணமலை. இரவில் அங்கே எரிகிற விளக்குகள் இங்கிருந்து தெரியும். ஆனால் போவதென்றால் லோஞ்சு என்ற இயந்திரப் படகுக்குக் காத்திருக்க வேண்டும், கடல் கொந்தளித்தால் அதுவும் ஓடாது. தரைவழியாகப் போனால் மகாவலி கடலோடு சேரும் அந்தப் பகுதியில் ஆறும் களப்புமாக ஒன்றன் பின் ஒன்றாக வரும். ஒவ்வொரு துறையிலும் இறங்கி, பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகு வரும்வரை நின்று, ஏறி, அடுத்த கரையில் மறுபடி பஸ் பிடிக்க வேண்டும். பிரசவ வலியோடு பாதைக்குக் காத்திருந்த பெண்களை எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் விசாரிக்கலாம். உயர்தர வகுப்பில் கணிதமோ விஞ்ஞானமோ படிக்க விரும்பிய பிள்ளை பட்டணத்தில் தங்குமிடம் தேட வேண்டும், அல்லது கலைப்பிரிவில் சேர வேண்டும். ஆண் பிள்ளைகளை எப்படியாவது அனுப்பினார்கள். பெண் பிள்ளைகளில் பலரின் படிப்பு அந்தக் கரையோடு நின்றது. கெட்டிக்காரிகளான என் வகுப்புத் தோழிகள் சிலரை நினைத்தால் எனக்கு இப்போதும் மனம் ஆறுவதில்லை.

2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதன் பின் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று மற்றப் பாலங்களும் வந்தன. மூதூரின் எல்லை ஓர் அங்குலமும் நகரவில்லை, ஆனால் அங்குள்ள பிள்ளைகளின் ஊர் பல மடங்கு பெரிதானது. காலையில் பட்டணத்துக்கு வகுப்புக்குப் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வருகிறார்கள். மாறாக, கணக்கில் நகரமான கிண்ணியாவின் பக்கத்தில், குறிஞ்சாக்கேணியில், பாலவேலை நடந்துகொண்டிருந்தபோது 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை பாதைப் படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் இறந்தார்கள். நகரம், கிராமம் என்ற சொற்களால் இதில் எதைச் சொல்ல முடியும்?

பழைய காலத்தில் கொட்டியாரம் கப்பல்கள் வந்து போன துறை. 1660இல் ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டதும் இங்கேதான், புயலில் முறிந்த பாய்மரத்தைச் சரிசெய்ய அவர் வந்த கப்பல் ஒதுங்கியபோது. இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். அதே பிள்ளைகள் கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போனால், எந்த ஊர் என்று கேட்டதும், திருகோணமலைப் பக்கம் ஒரு சின்னக் கிராமம் என்று தலையைக் குனிந்து சொல்லிவிட்டு வருகிறார்கள். அப்படிச் சொல்ல அவர்களைப் பழக்கியதில் இப்படியான பெட்டிகளுக்கும் பங்கு இருக்கிறது.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். 2024இல் தொடங்கிய புதிய குடிசன மதிப்பின் விபரங்களைக் கிராம சேவகர் பிரிவு வாரியாகத் தமிழில் தொடர்ந்து வெளியிடுங்கள், நகரம் எது என்பதை நெருக்கத்தையும் தொழிலையும் பார்த்துத் தீர்மானிக்கும்படி திணைக்களத்தைக் கேட்டு ஓர் ஆசிரிய தலையங்கமும் எழுதுங்கள். மற்றது, உங்கள் பெட்டியில் நகரம், கிராமம் என்பதை எடுத்துவிட்டு, கட்டுரையாளர் வளர்ந்த காலத்தில் உயர்தர வகுப்பு எத்தனை மைலில் இருந்தது, வைத்தியசாலைக்கு எப்படிப் போனார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டுப் போடுங்கள். மூதூருக்குப் பக்கத்துச் சம்பூரிலிருந்து யாராவது எழுதினால் இன்னொரு வரியும் தேவைப்படும். 2006இல் போரினால் அந்த ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தது. அரசு எடுத்து வைத்திருந்த 818 ஏக்கர் காணி விடுவிக்கப்பட்டது 2015இல். இடையில் கிளிவெட்டி, பட்டித்திடல் முகாம்களில் பிறந்து வளர்ந்த பிள்ளை எந்த ஊரின் அளவைச் சொல்ல விரும்புகிறதோ, அதை அப்படியே அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.