கயலுக்கு: "பார்க்கலாம்" என்ற சொல்லை விடு

அன்பு மகள் கயலுக்கு,

ஆவணி பிறந்து நாலு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பத்து நாளில் முடித்துத் தருவதாக 31 ஜாக்கெட் தைக்க வாங்கி வைத்திருக்கிறேன் என்று போனில் சொன்னாய். குரலே சரியில்லை. போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும், அதனால் எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. கடை காலை 10 மணி முதல் மாலை 7 மணி வரை. சாப்பாடு, அளவு எடுப்பது, வருகிறவர்களிடம் பேசுவது எல்லாம் போக, வேலையில் கை இருப்பது 6 மணி நேரம்தான். லைனிங், அதாவது உள்துணி வைத்த ஜாக்கெட் ஒன்றுக்கு வெட்ட அரை மணி, தைக்க ஒன்றரை மணி, ஹெம்மிங்கும் கொக்கியும் அரை மணி. ஆக இரண்டரை மணி. ஒரு நாளைக்கு இரண்டு, மீதி ஒரு மணி நேரம் ஆல்டரேஷனுக்கு. ஆறு நாளில் 12. அந்தப் பன்னிரண்டையும் கொடுத்துவிடாதே. 10 மட்டும் எழுது. கரண்ட் போகும், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஒருத்திக்குக் கை இறுக்கமாக இருக்கிறது என்று திரும்பி வரும். அந்த இரண்டு இடமும் அதற்குத்தான். பேட் வைத்து, மார்புப் பக்கம் நெடுக்காக ஒட்டுத் தையல் போடுகிற பிரின்சஸ் கட் வந்தால் இரண்டு இடமாக எண்ணு. இப்படிப் பார்த்தால் உன் 31 ஜாக்கெட்டுக்கு மூன்று வாரத்துக்கு மேல் வேண்டும். நீ சொன்னது பத்து நாள்.

ஒரு நோட்டு போடு. ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு பக்கம், 1 முதல் 10 வரை எண். பெயர், துணி, பாதிப் பணம் வாங்கியது, கொடுக்கும் தேதி. பத்தாவது வரி நிறைந்தால் அந்த வாரம் மூடியது. நோட்டைக் கவுண்டரின் மேலேயே வை, வருகிறவர் கண்ணில் படட்டும். நீ வாயால் மறுக்கும்போது வருகிற சங்கடத்தில் பாதி, அவர்களே பக்கத்தைப் பார்த்தால் குறைந்துவிடும்.

இனி அந்தச் சொல். நீ யாருக்கும் "சரி" என்று சொல்வதில்லை, "பார்க்கலாம் அக்கா" என்றுதான் சொல்கிறாய். சொல்கிற உனக்கு அது மறுப்பு. கேட்கிறவளுக்கு அது சம்மதம். துணியை வைத்துவிட்டுப் போகிறாள், வியாழக்கிழமை வந்து நிற்கிறாள். "முயற்சி பண்றேன்", "வச்சிட்டுப் போங்க" இரண்டும் இதே ரகம். துணி உன் அலமாரிக்குள் வந்துவிட்டால் நீ ஒத்துக்கொண்டதாகத்தான் அர்த்தம். அதனால் முடியாத துணியைக் கையில் வாங்காதே, பையைப் பிரிக்காதே. இப்படிச் சொல்: "இந்த வாரம் நிறைஞ்சிருச்சு அக்கா. 9ஆம் தேதின்னா தைச்சுத் தர்றேன். அதுக்கு முன்னாடி வேணும்னா அடுத்த தெருவுல நல்லாத் தைக்கிறவங்க இருக்காங்க, கேட்டுப் பாருங்க." அதோடு நிறுத்து. உடம்பு முடியவில்லை, மெஷின் ரிப்பேர் என்று காரணம் அடுக்காதே. காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்குத் தீர்வு சொல்வார்கள். தேதிக்குத் தீர்வு சொல்ல முடியாது.

இன்றைக்கு முடியாது என்றால் அவளுக்கு வேறு கடை தேட நேரம் இருக்கிறது. முகூர்த்தத்துக்கு முந்தின நாள் முடியாது என்றால் அவள் எங்கே போவாள்? தாட்சண்யம் பார்த்து வாங்கி வைப்பது அவளுக்குச் செய்கிற கெடுதல்தான். வாங்கிவிட்ட கல்யாணப்பெண் ஜாக்கெட்டை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளாதே. முகூர்த்தத்துக்கு 5 நாள் முன்பே போட்டுப் பார்க்கச் சொல்.

துணியைப் பார்த்து மறுக்க வேண்டியவையும் உண்டு. இதில்தான் உனக்குத் தயக்கம் அதிகம். மார்பு 42, முழங்கை வரை கை, கொண்டு வந்திருப்பது 80 சென்டிமீட்டர் துணி. கைக்கு ஒட்டுப் போடாமல் வராது. வெட்டிய பிறகு சொன்னால் குற்றம் உன்னுடையது, ஆகவே டேப் வைத்து அவர்கள் கண்முன்னே அளந்து காட்டு. தைத்து முடித்த ஜாக்கெட்டில் ஆரி, அதாவது கொக்கி ஊசியால் போடுகிற பூவேலை, போட்டுத் தரச் சொல்வார்கள். ஆரி, துணியை வெட்டுமுன் சட்டத்தில் இழுத்துக் கட்டிப் போடுவது. வேலை ஏற ஏறத் துணி உள்ளே இழுக்கும், அதனால் சுற்றிலும் கூடுதல் துணி விட்டுத்தான் வரைகிறோம். தைத்ததில் அந்த இடமே கிடையாது. டிஷ்யூ என்கிற மெல்லிய ஜரிகைத் துணியில் உடம்பை ஒட்டித் தைக்கக் கேட்டாலும் மறுத்துவிடு. இழுவை தாங்காமல் தையல் ஓரத்தில் இழை விலகிப் பல்லிளிக்கும். அரை இஞ்ச் தளர்வாக, இழுவையை லைனிங் தாங்கும்படி தைக்கச் சம்மதித்தால் வாங்கு. லைனிங்கை நனைக்காமல் இன்றைக்கே கொடு என்றால் ஒரே பதில்தான், முடியாது. முதல் அலசலில் உள்துணி சுருங்கி மேல்துணி கொப்பளித்து நிற்கும்போது, அவசரப்படுத்தியது யார் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

சொந்தக்காரர் விஷயம். உன் கூலி 450 என்று வை. லைனிங் 70, நூல், கொக்கி, பைப்பிங் 20, உதவிக்கு வருகிற பெண்ணுக்கு 40, வாடகை கரண்ட் பங்கு 50. உனக்கு நிற்பது 270. மதினி "நமக்குள்ள என்ன, 300 வச்சுக்கோ" என்றால், அவள் குறைப்பது 450இல் மூன்றில் ஒரு பங்கு என்று தோன்றும். அந்த 150 முழுவதும் உன் 270இல் இருந்து போகிறது. இரண்டரை மணி உழைப்புக்கு 120 ரூபாய். ரேட்டைக் குறைக்காதே. செய்ய மனமிருந்தால் வருஷத்துக்கு ஒன்று, தீபாவளிக்கு, இனாமாகவே தைத்துக் கொடு. அது அன்பளிப்பாகவே நிற்கும், அடுத்தவளுக்கு விலையாகாது. பாக்கி மட்டும் யாருக்கும் வேண்டாம். மீதிப் பணம் வந்த பிறகு பை கை மாறட்டும்.

ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வாய்ஸ் மெசேஜ் வந்தால் பதில் போடாதே. தூக்கக் கலக்கத்தில் போடுகிற கட்டைவிரல்கூட வாக்குதான். காலையில் நோட்டைப் பார்த்துவிட்டுச் சொல்.

இப்போது உள்ள 31க்கு: நாளைக் காலை உட்கார்ந்து முகூர்த்தத் தேதிப்படி அடுக்கு. கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகள் முதலில். விசேஷம் எதுவும் இல்லாமல் சும்மா கட்டத் தைக்கக் கொடுத்தவர்களுக்கு நீயே போன் செய்து புதுத் தேதி கேள். அது ஒத்துவராதவர்களுக்குத் துணியையும் முன்பணத்தையும் வெட்டுவதற்கு முன்பே திருப்பிக் கொடு. இரண்டு பேர் கோபப்படுவார்கள், படட்டும்.

லைனிங் துணி பத்து மீட்டர் நனைத்து உலர்த்தி அப்பாவிடம் பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் மெரூன் மட்டும் மூன்று தடவை அலசியும் சாயம் விடுகிறது. வெளிர் நிறப் பட்டுக்கு உள்ளே அதை வைத்துவிடாதே.

அன்புடன்,
அம்மா